முதலில் விதி, பிறகு பெயர்: ஸ்பானியம் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு ஹானர் சொசைட்டி

கேள்வி: டெக்சாஸில், டாலஸுக்குப் பக்கத்தில் ஒரு பப்ளிக் ஹைஸ்கூலில் நான்கு வருடமாக ஸ்பானியம் சொல்லிக்கொடுக்கிறேன். ஸ்பானியத்தை நன்றாகப் படிக்கும் மாணவர்களைக் கௌரவிக்க எங்கள் பள்ளியில் ஒரு ஹானர் சொசைட்டி இல்லை. தொடங்க விரும்புகிறேன். பிரின்சிபல் "பள்ளிக்குச் செலவு வைக்காதீர்கள், மற்றபடி செய்யுங்கள்" என்கிறார். எங்கிருந்து ஆரம்பிப்பது? எத்தனை மார்க் வைப்பது? வீட்டிலேயே ஸ்பானியம் பேசும் பிள்ளைகள் பாதிப் பேர் இருக்கிறார்கள். அவர்களைச் சேர்ப்பது மற்றவர்களுக்கு அநியாயம் என்று ஒரு சக ஆசிரியர் சொல்கிறார். இன்னொரு சங்கடம்: நம் தமிழ்ப் பெற்றோர் இப்போதே கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். இந்த வருடம் 12-ஆம் வகுப்பு முடிக்கும் பிள்ளைகள் பள்ளியை விட்டுப் போவதற்குள் இதைச் செய்து முடிக்க முடியுமா? (ஒரு வாசகி, டெக்சாஸ்)

அன்புள்ள வாசகிக்கு,

முடியும். ஆனால் நீங்கள் கேள்விகளை அடுக்கியிருக்கும் வரிசையில் செய்யாதீர்கள். யார் யார் தகுதி என்று மனதில் ஒரு பட்டியல் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். எல்லா ஆசிரியருக்கும் ஓடும். அந்தப் பட்டியலைத் தள்ளி வைத்துவிட்டு, முதலில் விதியை எழுதி, பிரின்சிபலிடம் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். பெயர்களை அதன் பிறகு பாருங்கள். தொடங்கிய இரண்டாம் வருடமே மனக்கசப்பில் முடியும் சொசைட்டிகளில் பெரும்பாலும் இந்த வரிசைதான் தலைகீழாக இருக்கும்: பிள்ளைகளை முதலில் மனதில் வைத்து, அவர்களுக்கு ஏற்றபடி விதியை வளைத்திருப்பார்கள். அதைக் கண்டுபிடிக்க ஒரு பெற்றோர் போதும்.

புதிதாக ஒரு சொசைட்டியை நீங்களே உருவாக்க வேண்டிய அவசியமும் இல்லை. அமெரிக்க ஸ்பானிய, போர்ச்சுகீசிய ஆசிரியர் சங்கம் என்று ஒன்று 1917-இலிருந்து இருக்கிறது. ஏ.ஏ.டி.எஸ்.பி. என்று சுருக்கமாகச் சொல்வோம். ஹைஸ்கூல் மாணவர்களுக்காக அது 1953-இல் ஒரு தேசிய ஹானர் சொசைட்டியைத் தொடங்கியது. 1959-இலிருந்து அதன் பெயர் சோசியேதாத் ஓனோராரியா இஸ்பானிக்கா. அதன் கிளையாகச் சேர்வதுதான் நல்லது. நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு சோசியேதாத் இஸ்பானிக்கா தே அமிஸ்தாத் என்று தனி அமைப்பு உண்டு. கல்லூரியில் சிக்மா டெல்டா பை இருக்கிறது. 1919-இல் பெர்க்லியில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பிறந்தது. ஆகவே உங்கள் பிள்ளை ஒருத்தி ஏழாம் வகுப்பிலிருந்து பட்டம் வாங்கும் வரை ஏறிப்போக ஏற்கெனவே படிகள் இருக்கின்றன.

தேசியக் கிளையாக இருப்பதில் உங்களுக்குப் பெரிய பாதுகாப்பு ஒன்று உண்டு. "இது நான் வைத்த விதி இல்லை, கையேட்டில் இருப்பது" என்று சொல்ல முடியும். நீங்களே தனியாகத் தொடங்கினால் ஒவ்வொரு புள்ளிக்கும் நீங்களே வாதாட வேண்டும்.

கிளை தொடங்க வேண்டியவை சொற்பம். பொறுப்பாசிரியராகிய நீங்கள் ஏ.ஏ.டி.எஸ்.பி. உறுப்பினராக இருக்க வேண்டும். விண்ணப்பம் போட வேண்டும், பிரின்சிபலின் ஒப்புதல் வேண்டும், தொடக்கக் கட்டணமும் பிறகு சேரும் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு தொகையும் கட்ட வேண்டும். தொகைகள் மாறிக்கொண்டே இருக்கும்; தற்போதையதைச் சங்கத்தின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கிளைக்கு ஸ்பானிய உலகத்தைச் சேர்ந்த ஒருவரின் பெயர் வைப்பது வழக்கம். செர்வாந்தெஸ், லோர்கா என்று எல்லோரும் வைக்கும் ஸ்பானிய எழுத்தாளர் பெயரை அவசரமாக எழுதிவிடாதீர்கள். டெக்சாஸில் இருக்கிறீர்கள், லரேடோவில் பிறந்த ஹொவிதா இதார் இருக்கிறார். ஆசிரியை, பத்திரிகையாளர். 1911-இல் லீகா ஃபெமெனில் மெக்ஸிகானிஸ்தா என்ற பெண்கள் அமைப்பின் முதல் தலைவி. ஏழை மெக்ஸிகன் பிள்ளைகளுக்காக அந்த அமைப்பு இலவசப் பள்ளி நடத்தியது. 2023-இல் அமெரிக்க 25 சென்ட் நாணயத்தில் அவர் முகம் வந்தது. அந்த நாணயம் ஒன்றைப் பிள்ளைகள் கையில் கொடுத்து, "இவர் யார் என்று கண்டுபிடித்து வாருங்கள்" என்று சொல்லுங்கள். பெயரைத் தேர்ந்தெடுப்பது அவர்கள் வேலையாக இருக்கட்டும்.

இனி மார்க். தேசிய விதி சொல்வது இது: 10, 11, 12-ஆம் வகுப்பு மாணவர், ஸ்பானியத்தில் குறைந்தது மூன்று செமஸ்டர் "ஹானர் சராசரி" வைத்திருக்க வேண்டும், தேர்வு நடக்கும் செமஸ்டரும் அதில் சேரும். ஹானர் சராசரி எத்தனை என்பதைப் பள்ளி வரையறுக்கலாம். பாடநிலை பற்றி இப்போதைய கையேடு என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டு உங்கள் விதியை எழுதுங்கள். தேசிய விதியைவிடக் கடுமையாக வைக்கலாம், தளர்த்த முடியாது.

நூற்றுக்கு 90 என்று வைப்பது வழக்கம், நியாயமும்கூட. ஆனால் "90" என்று மட்டும் எழுதினால் அது விதி ஆகாது, சண்டைக்கு அழைப்பு. 89.5 என்பது 90-ஆ? கல்லூரி நிலைப் பாடமான ஏ.பி. வகுப்புக்குப் பள்ளி கூட்டிக்கொடுக்கும் புள்ளியைச் சேர்ப்பதா, கழிப்பதா? மூன்று செமஸ்டரின் சராசரி 90-ஆ, ஒவ்வொரு செமஸ்டரும் 90-ஆ? எட்டாம் வகுப்பிலேயே ஸ்பானியம் 1 முடித்து ஹைஸ்கூல் கிரெடிட் வாங்கிய பிள்ளைக்கு அந்த இரண்டு செமஸ்டரும் கணக்கா? ஓராண்டுப் பாடத்தை ஒரே செமஸ்டரில் 90 நிமிட வகுப்பாக முடிக்கும் பள்ளியிலிருந்து மாறி வந்த பிள்ளைக்கு எப்படி எண்ணுவது? இவை எல்லாவற்றுக்கும் பதில் தாளில் இருக்க வேண்டும். என் பரிந்துரை: கூட்டிய புள்ளியை எடுத்துவிட்டு வெறும் மார்க், எல்லா செமஸ்டரின் சராசரி, தசமத்தைத் தூக்கி எழுதக் கூடாது, எட்டாம் வகுப்பு கிரெடிட் ஹைஸ்கூல் டிரான்ஸ்கிரிப்டில் ஏறியிருந்தால் கணக்கில் உண்டு, ஒரே செமஸ்டரில் முடித்த முழுப் பாடம் இரண்டு செமஸ்டருக்குச் சமம். நீங்கள் வேறு மாதிரி முடிவு செய்யலாம். முடிவு எழுத்தில் இருக்கட்டும்.

"நன்னடத்தை" என்ற வரியில் ரொம்பக் கவனம் தேவை. அந்தச் சொல்லை அப்படியே விட்டுவைத்தால், வகுப்பில் துடுக்காகப் பேசும் பையன் வெளியே போவான், அமைதியாகக் காப்பியடிப்பவன் உள்ளே வருவான். பள்ளிப் பதிவில் உள்ள காப்பியடித்த குற்றம் அல்லது சஸ்பென்ஷன், இந்தக் கல்வியாண்டுக்குள், என்று எழுதுங்கள். ஆசிரியரின் அபிப்பிராயத்துக்கு அதில் இடம் வேண்டாம். தேர்வுக் குழுவில் மூன்று பேர் போதும். அதில் ஒருவர் ஸ்பானியத் துறைக்கு வெளியே இருந்து, மார்க்கைக் கூட்டிப் பார்ப்பதற்கென்றே, வரட்டும். கணக்குத் தவறு என்று நினைப்பவர் 10 பள்ளி நாட்களுக்குள் எழுதிக் கேட்கலாம் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வைக்காதீர்கள். விதியைத் தாண்டியவர் 50 பேர் என்றால் 50 பேருக்கும் அழைப்பு போக வேண்டும்.

உங்கள் சக ஆசிரியர் எழுப்பிய விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கடிதத்தில் இதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டெக்சாஸில் 1918-இல் பள்ளிகளில் ஆங்கிலம் மட்டுமே என்று சட்டம் வந்தது. ஸ்பானியம் பேசியதற்காக அடி வாங்கிய தலைமுறைகள் அங்கே உண்டு. மேற்கு டெக்சாஸில் மார்ஃபா என்ற ஊரில் பிளாக்வெல் பள்ளி. மெக்ஸிகன் பிள்ளைகளுக்கென்று பிரித்து நடத்தியது. 1954-இல் அங்கே பிள்ளைகளிடம் துண்டுக் காகிதம் கொடுத்து, இனி ஸ்பானியம் பேச மாட்டோம் என்று எழுதச் சொல்லி, அவற்றைப் பெட்டியில் போட்டு, கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் குழி வெட்டி, "மிஸ்டர் ஸ்பானிஷ்" இறந்துவிட்டார் என்று அடக்கம் செய்தார்கள். இன்று அந்தப் பள்ளிக் கட்டடம் தேசிய வரலாற்றுத் தலம். தேதியைக் கவனியுங்கள். ஸ்பானியம் படிப்பவரைக் கௌரவிக்க தேசியச் சொசைட்டி தொடங்கியது 1953. ஸ்பானியத்தைப் புதைத்தது 1954. ஒரே நாடு, ஓராண்டு இடைவெளி. வெளியிலிருந்து கற்றுக்கொண்ட பிள்ளைக்கு அதே மொழி பெருமை, வீட்டிலிருந்து கொண்டுவந்த பிள்ளைக்குக் குற்றம். உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களில் சிலர் அடி வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகளாக இருக்கலாம். அவர்களை "ஏற்கெனவே தெரியும், அதனால் கணக்கில்லை" என்று வாசலில் நிறுத்தினால் அந்தப் பழைய கணக்கைத்தான் நாம் தொடர்கிறோம். நம் குழந்தைக்கு வீட்டில் தமிழ் தெரியும் என்பதற்காகத் தமிழ்ப் பள்ளிப் பரிசு கிடையாது என்று யாராவது சொன்னால் நாம் ஒப்புக்கொள்வோமா?

அதேசமயம் வீட்டில் பேசுகிறார்கள் என்பதற்காக மார்க் இல்லாமல் சேர்க்கவும் முடியாது. மூன்று செமஸ்டர் விதி எல்லோருக்கும் ஒன்று. நடைமுறையில் நடப்பது என்னவென்றால், சலுகை கிடைப்பதாக உங்கள் சக ஆசிரியர் நினைக்கும் அந்தப் பிள்ளைகள்தான் 90-க்குக் கீழே விழுகிறார்கள். ஏன் என்று மார்க் கணக்கில் பார்க்கலாம். கணக்குக்காக ஒரு மாணவி: இலக்கணப் பயிற்சித்தாள் 70, பேச்சு 98, வாசிப்பு 95, எழுத்து 85. வகுப்பு மார்க்கில் இலக்கணத்தாளுக்கு 60 சதவீதம், பேச்சுக்கும் வாசிப்புக்கும் 15, எழுத்துக்கு 10 என்று எடை இருந்தால் அவள் சராசரி 79.45. நான்குக்கும் சரிசமமாக 25 வைத்தால் 87. அப்போதும் 90 இல்லை, பார்த்தீர்களா? இனிதான் ஆசிரியரின் வேலை. அவள் 70 வாங்குவது பெரும்பாலும் எழுத்துக்கு மேலே போடும் அழுத்தக் குறியால். காதால் கற்ற மொழிக்கு அந்தக் குறி தெரியாது. அழுத்தம் எந்த அசையில் விழுகிறது என்று கைதட்டி எண்ணிப் பார்க்கும் பயிற்சியை ஆறு வாரம், வாரம் இரண்டு நாள், 15 நிமிடம் கொடுங்கள். இலக்கணம் 82-க்கு ஏறினால் போதும், சராசரி சரியாக 90.

இன்னொன்று, அவள் "ஐகா", "திரூஹே" ("கொண்டுவந்தேன்") என்று வீட்டு வழக்கில் சொல்வதைச் சிவப்பு மையால் அடிக்காதீர்கள். "திரூஹே" என்பது செர்வாந்தெஸ் எழுதிய வடிவம். கிராமத்தில் தங்கிவிட்டது, பாடநூல் "த்ராஹே"வை எடுத்துக்கொண்டது. நம் பாட்டிமார் வாயில் மட்டும் மிஞ்சியிருக்கும் பழஞ்சொல் மாதிரிதான். "இது வீட்டு வழக்கு, இது எழுத்து வழக்கு, கட்டுரையில் இதை எழுது" என்று சொன்னால் அவள் இரண்டையும் வைத்துக்கொள்வாள்.

சேர்க்கையில் இவர்களுக்கு மூன்று இடத்தில் வழி அடைபடும். ஒன்று, ஒன்பதாம் வகுப்பில் கவுன்சலர் யோசிக்காமல் ஸ்பானியம் 1-இல் போடுவது. பிள்ளை சலித்துப்போய், வீட்டுப்பாடம் செய்யாமல், 75 வாங்கும். அந்த 75 மூன்று வருடமும் சராசரியை இழுக்கும். எந்த நிலையில் சேர்ப்பது என்று அறியும் தேர்வை ஆகஸ்டுக்கு முன்பே வைத்து, வீட்டுமொழியாளருக்கான வகுப்பிலோ மேல்நிலையிலோ சேர்க்கச் சொல்லுங்கள். இரண்டு, 11-ஆம் வகுப்பில்தான் முதன்முறையாக ஸ்பானியம் எடுக்கும் பிள்ளை. நேராக ஏ.பி.யில் உட்காரும், மூன்றாவது செமஸ்டர் 12-ஆம் வகுப்பு இலையுதிர் பருவத்தில்தான் முடியும். நீங்கள் 11-ஆம் வகுப்பில் மட்டும் சேர்க்கை நடத்தினால் அந்தப் பிள்ளைக்குக் கதவே கிடையாது. ஆகவே 12-ஐயும் சேருங்கள். மூன்று, ஹொண்டுராஸ், குவாத்தமாலா, வெனிசுவேலாவிலிருந்து புதிதாக வந்தவர்கள். ஒன்பது வருடம் ஸ்பானிய மொழியிலேயே பள்ளிப் படிப்பு முடித்திருப்பார்கள், ஆனால் உங்கள் பள்ளியில் ஒரு செமஸ்டர்கூட இருக்காது. பழைய மதிப்பெண் சான்றைக் கவுன்சலர் மதிப்பிட்ட பிறகு, அது மூன்று செமஸ்டருக்கு ஈடாகுமா என்று தேசிய அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள்; பதிலைக் கோப்பில் வையுங்கள். குவாத்தமாலா பிள்ளை என்றாலே ஸ்பானியம் தாய்மொழி என்றும் எண்ணிவிட வேண்டாம். வீட்டில் மாம், கிச்சே போன்ற மாயா மொழி பேசி, ஸ்பானியத்தைப் பள்ளியில் கற்றவர்கள் அவர்களில் உண்டு. உங்கள் வகுப்பில் இருக்கும் ஆங்கிலம் அவர்களுக்கு மூன்றாவது மொழி.

எதிர்ப்பக்கமும் உண்டு. பயிற்சித்தாளில் 98 வாங்கிவிட்டு இரண்டு நிமிடம் பேச முடியாத பிள்ளைகள். இதற்கு விண்ணப்பத்தையே ஒரு சிறு வேலையாக மாற்றுங்கள்: நூலகத்தில், கண்காணிப்பில், 30 நிமிடம், கையால் 150 சொல் ஸ்பானியத்தில். "கிளைக்கு நான் என்ன செய்வேன்" என்பதே தலைப்பு. வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் மொழிபெயர்ப்புக் கருவி எழுதும். இதற்கு மதிப்பெண் வேண்டாம், எழுதி முடித்தாலே போதும். வருடம் முழுக்க வேலைகளைப் பிரித்துக்கொடுக்க இந்தத் தாள்கள் உங்களுக்கு உதவும்.

தமிழ்ப் பெற்றோர் விஷயத்தில் உங்களுக்கு இருக்கும் தர்மசங்கடம் புரிகிறது. பள்ளியில் கேட்க மாட்டார்கள். பொங்கல் விழாவில், சாப்பாட்டு வரிசையில் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "டீச்சர், 89.4 தானே, ஒரு புள்ளியிலா பிள்ளையை விட்டுடப் போறீங்க?" என்பார்கள். அங்கேயே விளக்கம் சொல்லத் தொடங்கினால் மாட்டிக்கொள்வீர்கள். "அக்கா, பள்ளி மெயிலுக்கு ஒரு வரி எழுதிப் போடுங்க, குழு மூணு பேர் பார்ப்பாங்க" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மற்ற பிள்ளைகளின் மார்க்கைப் பற்றி மறைமுகமாகக்கூட வாய் திறக்கக் கூடாது. மாணவர் பதிவுகளின் அந்தரங்கத்தைக் காக்கும் 1974-இன் ஃபெர்பா சட்டம் அதைத் தடுக்கிறது. பெற்ற விருது போன்ற தகவலைப் பள்ளி பொதுவாக வெளியிடலாம், ஆனால் வெளியிட வேண்டாம் என்று எழுதிக்கொடுத்த பெற்றோரின் பட்டியல் அலுவலகத்தில் இருக்கும். போட்டோவும் பெயரும் போடும் முன் அதைப் பாருங்கள். அழைப்பு மெயிலை எல்லோர் முகவரியும் தெரியும்படி ஒரே மெயிலாக அனுப்பிவிடாதீர்கள். யார் இல்லை என்பது ஐந்து நிமிடத்தில் வாட்ஸாப்பில் ஓடும்.

கல்லூரி விண்ணப்பத்துக்கு இது எவ்வளவு உதவும் என்றும் கேட்பார்கள். உண்மையைச் சொல்லுங்கள். பல கல்லூரிகளுக்கும் பொதுவான விண்ணப்பமான காமன் ஆப்பில் விருதுகளுக்கு ஐந்து இடம், செயல்பாடுகளுக்குப் பத்து இடம். உறுப்பினர் என்பது விருதுப் பகுதியில் ஒரு வரி, அவ்வளவுதான். வாரம் இரண்டு மணி நேரம் சொல்லிக்கொடுத்த பிள்ளைதான் செயல்பாட்டுப் பகுதியில் மணிக்கணக்கோடு எழுத முடியும்.

அந்த வேலை என்ன என்பதில் கிளையின் உயிர் இருக்கிறது. மாதம் ஒரு கூட்டம், 40 நிமிடம், ஸ்பானியத்தில். முதல் கூட்டத்தில் ஸ்பானியம் 3 படிக்கும் பிள்ளைகள் வாயடைத்துப் போவார்கள், வீட்டுமொழிப் பிள்ளைகள் மட்டும் பேசுவார்கள். "நான் ஒத்துக்கொள்கிறேன், ஏனென்றால்…", "இன்னொரு தடவை சொல்ல முடியுமா" போன்ற பத்து வாக்கியத் தொடக்கங்களை அட்டையில் எழுதி மேசைக்கு ஒன்று வையுங்கள். கூட்டக் குறிப்பைச் செயலாளர் ஸ்பானியத்தில் எழுதட்டும். அடுத்த கூட்டத்தில் அதை வாசித்து, திருத்தி, ஏற்க வேண்டும். இதைவிடச் சிறந்த எழுத்துப் பயிற்சி எனக்குத் தெரியாது. மதிய இடைவேளையில் ஸ்பானியம் 1 பிள்ளைகளுக்கு 25 நிமிடம் சொல்லிக்கொடுப்பது, பக்கத்துத் தொடக்கப் பள்ளியில் இருமொழி வகுப்புக்குக் கதை வாசிப்பது, செப்டம்பர் 15 முதல் அக்டோபர் 15 வரையுள்ள ஹிஸ்பானிக் பாரம்பரிய மாதத்தில் நூலகத்தோடு சேர்ந்து ஒரு மாலை. செமஸ்டருக்கு 10 மணி நேரம் என்று வைத்தால் போதும். 25 என்று வைத்தால் வேலைக்குப் போகும் பிள்ளையும் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளையும் நின்றுவிடுவார்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகத் தடுங்கள். "உங்க கிளப் பிள்ளைகள் இருக்காங்களே, பெற்றோர் கூட்டத்துக்கு மொழிபெயர்க்க அனுப்புங்க" என்று அலுவலகத்திலிருந்து வரும். நல்ல எண்ணத்தோடுதான் வரும். மறுத்துவிடுங்கள். சக மாணவரின் அந்தரங்கம் அந்த அறையில் இருக்கிறது. பிழை நேர்ந்தால் அதன் பாரம் 16 வயதுப் பிள்ளையின் மேல் விழும். 1980-இல் ஃப்ளோரிடாவில் ஒரு மருத்துவமனையில் மயங்கிக் கிடந்த 18 வயது இளைஞனைப் பற்றி குடும்பத்தார் "இந்தோக்ஸிகாதோ" என்றார்கள். கியூபர்கள் வழக்கில், சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று பொருள். ஆங்கிலத்தில் அது போதை என்று போய்ச் சேர்ந்தது. மூளையில் இரத்தக்கசிவு கவனிக்கப்படாமல் போய் அவர் கைகால் செயலிழந்தார். மொழி தெரிவது வேறு, மொழிபெயர்ப்பாளராக இருப்பது வேறு. இந்தச் சம்பவத்தைப் பிள்ளைகளுக்கே சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள். உணவு வங்கியில் டப்பாவுக்கு லேபிள் எழுதலாம், அதையும் நீங்கள் சரிபார்த்த பிறகு.

பணம். பள்ளிக் கணக்காளரிடம் மாணவர் செயல்பாட்டுக் கணக்கு ஒன்றைத் திறக்கச் சொல்லுங்கள். பணம் அனுப்பும் செயலியான வென்மோவில், உங்கள் சொந்தக் கணக்கில், ஐந்து டாலர்கூட வாங்க வேண்டாம். 24 பிள்ளைகள், தேசியக் கட்டணமும் பட்டமளிப்பு விழாவில் கழுத்தில் அணியும் கயிறும் சான்றிதழும் சேர்த்துத் தலைக்கு 25 டாலர் என்று வைத்துக்கொண்டால் 600. ஐந்து பேரால் கட்ட முடியாது என்று முன்கூட்டியே எண்ணி 125 டாலர் திரட்டிவிடுங்கள். படிவத்தில் "கட்டணம் வேண்டாம்" என்று ஒரு கட்டம் இருக்கட்டும், காரணம் கேட்க வேண்டாம். கொஞ்சா என்ற மெக்ஸிகன் இனிப்பு ரொட்டி விற்பது எளிது. ஆனால் பள்ளி நேரத்தில் மேசை போட்டுவிடாதீர்கள். ஸ்மார்ட் ஸ்நாக்ஸ் என்ற மத்திய அரசு விதி, நள்ளிரவிலிருந்து பள்ளி முடிந்து 30 நிமிடம் வரை வளாகத்தில் விற்கும் தின்பண்டத்துக்குச் சர்க்கரை, கொழுப்பு வரம்பு வைக்கிறது. கொஞ்சா அதில் தேறாது. மாலை சாக்கர் ஆட்டத்தில் விற்றால் தடையில்லை. ஆறு டஜன், ஒன்று ஒரு டாலருக்கு வாங்கி இரண்டுக்கு விற்றால் 72 டாலர் நிற்கும். அப்படி இரண்டு ஆட்டம். டெக்சாஸில் இப்போது எந்த மாணவர் கிளப்புக்கும் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். அந்தப் படிவத்தையும் கட்டணப் படிவத்தையும் ஒரே உறையில், ஆங்கிலத்திலும் ஸ்பானியத்திலும், அனுப்புங்கள்.

சேர்க்கை விழா 45 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். நிஜ மெழுகுவர்த்தியைத் தீயணைப்பு விதி விடாது, பேட்டரி விளக்கு போதும். உறுதிமொழி ஸ்பானியத்தில், நிகழ்ச்சித் தாளில் ஆங்கிலம் பக்கத்தில் இருக்கட்டும். சொசைட்டியின் முழக்கம் "தோதோஸ் ஆ ஊனா". ஸ்பெயினில் கொர்தொபா மாகாணத்துக் கிராமம் ஃபுவெந்தெ ஒவெஹுனா. 1476-இல் கொடுங்கோல் அதிகாரியை ஊரே திரண்டு கொன்றது. சித்திரவதை செய்து கேட்டும் கொன்றவர் பெயரை யாரும் சொல்லவில்லை, ஊர்ப் பெயரையே சொன்னார்கள். ஸ்பானிய நாடகாசிரியர் லோபே தே வேகா அதை நாடகமாக்கினார். "எல்லோரும் ஒன்றாய்" என்ற சொல் அந்தக் கதையோடு வந்தது. விழாவில் ஒரு பிள்ளை இதை இரண்டு நிமிடம் சொல்லிவிட்டு, பிறகு எல்லோரும் முழக்கமிட்டால் அரங்கம் எழுந்து நிற்கும்.

சான்றிதழ் அச்சில்தான் பெரிய அவமானம் காத்திருக்கிறது. "ஆஞோ" என்றால் ஆண்டு. அந்த எழுத்தின் தலையில் இருக்கும் சிறு அலைக்கோட்டை விட்டால் "ஆனோ". அது சபையில் சொல்லக்கூடாத உடலுறுப்பு. கல்வியாண்டு என்று நினைத்து அதை 24 சான்றிதழில் அச்சடித்தவர்கள் இருக்கிறார்கள். "பேஞா" என்ற குடும்பப் பெயருக்குப் பாறை என்று பொருள். அலைக்கோடு போனால் "பேனா", துயரம். "பள்ளி ஆண்டு விழா"வில் ஒரு எழுத்து மாறிப் "பல்லி ஆண்டு விழா" ஆவது போலத்தான், ஆனால் இங்கே மேடையேறும் பிள்ளையின் பெயரே மாறிப்போகிறது. சில அலங்கார எழுத்துருக்களில் அந்தக் குறிகளே கிடையாது. முதலில் ஒரே ஒரு சான்றிதழை அச்சடித்துப் பாருங்கள். பள்ளிக் கணினியில் பெயர்கள் குறிகள் இல்லாமல்தான் இருக்கும். அங்கிருந்து நகலெடுக்காமல், ஒவ்வொரு பிள்ளையும் தன் பெயரைத் தன் கையால், இரண்டு குடும்பப் பெயர் இருந்தால் இரண்டையும், எழுதித் தரட்டும். அச்சுக்குப் போகுமுன் அதன் பக்கத்தில் அவர்களே கையெழுத்திடட்டும்.

கடைசியாக, இந்த வருடத்து 12-ஆம் வகுப்பு. பின்னாலிருந்து எண்ணுங்கள். பட்டமளிப்பு மே கடைசியில். கயிறு கையில் வர ஆறிலிருந்து எட்டு வாரம் ஒதுக்கினால், ஆர்டர் மார்ச் கடைசிக்குள் போக வேண்டும். அதற்கு முன் சேர்க்கை விழா, பிப்ரவரி கடைசியில். அதற்கு முன் இலையுதிர் பருவ மார்க் ஜனவரி முதல் வாரத்தில் உறுதியாகும். குழு இரண்டு வாரம், அழைப்பும் படிவமும் இரண்டு வாரம், கணக்குத் தவறு கேட்கும் பத்து நாளும் அதற்குள்ளேயே ஓடட்டும். ஆகவே கிளை அனுமதி டிசம்பர் விடுமுறைக்கு முன் கையில் இருக்க வேண்டும். விண்ணப்பம் அக்டோபர் முடிவதற்குள் போக வேண்டும். விதி எழுதி பிரின்சிபலிடம் தர உங்களுக்கு மூன்று வாரம் இருக்கிறது. எழுதும்போதே துறையில் இன்னொரு ஆசிரியரையும் துணைப் பொறுப்பாளராகச் சேர்த்து, அவரையும் ஏ.ஏ.டி.எஸ்.பி. உறுப்பினராக்கிவிடுங்கள். பொறுப்பாசிரியர் ஒருவர் மட்டும் இருந்து, அவர் மகப்பேறு விடுப்பிலோ வேறு ஊருக்கோ போனால், அந்த வருடம் யார் பெயரும் தேசிய அலுவலகத்துக்குப் போகாமல் நின்றுவிடும். அநியாயம் என்று சொன்ன அந்தச் சக ஆசிரியரையே கேட்டுப் பாருங்கள்.